எட்டடிச் சுவர்: வட்டக்கச்சி வீடொன்றில் பழைய பூனையும் புதுக் குட்டியும்

என் வேலை மாடு, ஆடு, கோழி. கிளிநொச்சிப் பக்கம் வீடு வீடாகப் போய்க் கன்றுக்குப் பூச்சிமருந்து கொடுப்பதும், கோழிக்குத் தடுப்பூசி போடுவதும், பசு சினைப்படவில்லை என்றால் என்ன ஏது என்று பார்ப்பதும்தான் நாளாந்தப் பாடு. பூனைக்கென்று என்னை யாரும் கூப்பிடுவதில்லை. நெல் மூட்டை இருக்கிற வீட்டில் எலி இருக்கும், எலி இருக்கிற வீட்டில் பூனை இருக்கும். வன்னியில் பூனைக்கு அந்த அளவில்தான் கணக்கு. காலபோக நெல் அருவிவெட்டு முடிந்த கையோடு, பெப்ரவரி 24 அன்று வந்த ஒரு தொலைபேசி அழைப்பு மட்டும் என்னை 47 நாள் இழுத்தடித்தது. அதை முழுதாக எழுதிவைக்கிறேன். முதல் பிழை என்னுடையது என்பதும் அதற்கு ஒரு காரணம்.

அழைத்தவர் வட்டக்கச்சியில், இரணைமடு வாய்க்கால் ஓரமாக மூன்று ஏக்கர் வயல் செய்கிற ஒரு அக்கா. அவருடைய பசுவுக்கு நான்தான் பார்ப்பது.

"தம்பி, வைக்கலுக்குள்ள ஒரு பூனைக்குட்டி கிடந்தது. வெட்டு மெசின் வந்த சத்தத்தில தாய் ஓடியிட்டுது போல, ரெண்டு நாளாக் காணேல்ல. பிள்ளை தூக்கிக்கொண்டு வந்திட்டாள். எங்கட சிங்காரி இதைக் கொல்லப் போகுது. என்ன செய்யிறது?"

"ஒரு அறைக்குள்ள விட்டுக் கதவைச் சாத்துங்கோ அக்கா. பத்து நாளைக்கு ரெண்டும் முகம் பாக்கக் கூடாது."

அதோடு வைத்துவிட்டேன். நான் சொன்னது எல்லாரும் சொல்கிற சரியான அறிவுரைதான். அந்த வீட்டுக்குத்தான் அது சரியில்லை.

வீடு

அது இந்திய வீட்டுத்திட்ட வீடு, போருக்குப் பிறகு இந்திய அரசின் உதவியில் கட்டியது. 550 சதுர அடி: ஒரு ஹோல், இரண்டு அறை, குசினி, முன்னால் சின்ன விறாந்தை. நான் எத்தனையோ தடவை அந்த விறாந்தைக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்திருக்கிறேன், நிமிர்ந்து பார்த்ததில்லை. உள்சுவர்கள் எட்டடி உயரத்தில் நின்றுவிடுகின்றன. அதற்கு மேலே கூரை முகடு வரைக்கும் வெறும் வெளி. மனிதருக்கு அது இரண்டு அறை. பூனைக்கு மேலே ஒரு தெரு இருக்கிற ஒரே அறை. அலமாரியில் ஏறி, அலமாரியிலிருந்து சுவருக்குத் தாவி, சுவர் விளிம்பில் நடந்து எந்த அறைக்குள்ளும் இறங்கலாம். கதவைச் சாத்துவதும் சாத்தாததும் அதற்கு ஒன்றுதான்.

சிங்காரி அந்தச் சுவர்மேல்தான் இரவில் சுற்றுவாள். ஐந்து வயதுப் பெட்டைப் பூனை, வெள்ளையும் கறுப்பும் செம்மஞ்சளும் கலந்த மூவண்ணக்காரி. மூன்று நிறமும் ஒன்றாக வந்தால் அநேகமாகப் பெட்டைதான், கடுவனாகப் பிறப்பது மிக அரிது. செம்மஞ்சள் நிறத்துக்கான மரபணு இருப்பது எக்ஸ் நிறமூர்த்தத்தில் என்பதால் அப்படி. அவளுக்கு இரண்டு வருடத்துக்கு முன் கருத்தடை செய்திருந்தார்கள், விசர்நாய்த் தடுப்பூசி அட்டையும் லாச்சியில் இருந்தது. எடை 3 கிலோவுக்குக் கொஞ்சம் கூட. நெல் மூட்டை அடுக்கியிருந்த பின் அறைதான் அவளுடைய அரண்மனை: நாற்பது மூட்டை, அதன் உச்சியில் ஒரு பழைய சாறம், அங்கே பகல் நித்திரை, இரவில் அங்கிருந்தே வேட்டை.

குட்டி செம்மஞ்சள் நிறம். அந்த நிறத்தில் நூற்றுக்கு எண்பது போல ஆண் என்பார்கள், இதுவும் ஆண்தான். கடைத் தராசில் வைத்தபோது 620 கிராம். பின்பக்கப் பாற்பற்கள் வந்திருந்தன, கண்ணின் நீலம் மாறத் தொடங்கியிருந்தது, எனவே ஏழு வாரம் என்று வைத்துக்கொண்டேன். ஓரளவு நன்றாகத் தின்கிற குட்டி வாரத்துக்கு 100 கிராம் என்ற கணக்கில் ஏறும். அதற்கு இது கொஞ்சம் மெலிவு, வயிறு மட்டும் பானைபோல, உள்ளே புழு. பிள்ளை அதற்குக் குட்டான் என்று பெயர் வைத்திருந்தாள்.

முதல் மூன்று நாள்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. அக்காவும் அம்மம்மாவும் பிள்ளையும் மூன்று விதமாகச் சொன்னதைச் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

அறைக்குள் விடச் சொன்னேன் அல்லவா, அவர்கள் குட்டியை விட்டது நெல் மூட்டை அறைக்குள். வீட்டில் ஆள் படுக்காத அறை அது ஒன்றுதான், அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பூனையின் பக்கத்திலிருந்து பாருங்கள்: இரவில் தன் வழக்கமான சுவர்வழியாகத் தன் மூட்டைக்கு இறங்குகிறாள், அங்கே முன்பின் தெரியாத ஒரு மணம் அவளுடைய சாறத்தில் சுருண்டு படுத்திருக்கிறது.

சத்தம் கேட்டு ஓடிவந்தபோது குட்டி இரண்டு மூட்டைக்கு நடுவே நெருங்கிப்போய் முதுகு மயிரெல்லாம் சிலிர்த்து நின்றது. சிங்காரி காதைப் பின்னால் மடித்து அடித்தொண்டையில் உறுமிக்கொண்டிருந்தாள். பிள்ளை பயத்தில் சிங்காரியைத் தூக்கப் போனாள். பூனை சண்டைக்கோலத்தில் நிற்கும்போது செய்யவே கூடாத காரியம் அது. முழங்கை வரைக்கும் நீளமாக ஒரு கீறல். பூனையின் கோபம் அப்போது பிள்ளைமேல் இல்லை. யார்மேல் பாய முடியவில்லையோ அந்தக் கோபம் கைக்கெட்டியவர்மேல் திசைமாறி விழுகிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அதைச் சொல்லி விளங்கவைக்க எனக்குப் பிறகு ஒரு பின்னேரம் பிடித்தது. "என்னை அவளுக்குப் பிடிக்கேல்லையோ மாமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். கீறலையும் கடிபோலத்தான் எடுக்க வேண்டும். இலங்கையில் விசர்நாய் நோய் இன்னும் ஒழியவில்லை, அது நாயால் மட்டும் வருவதுமில்லை. சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும், மஞ்சளும் சுண்ணாம்பும் வைக்கக் கூடாது, அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அக்கா அதைச் சரியாகச் செய்திருந்தார். சிங்காரியின் தடுப்பூசி அட்டையையும் கையோடு கொண்டுபோயிருந்தார்.

சிங்காரி அன்று இரவு சுவர் ஏறிப் போனவள் இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, அடியில் கிடந்த மூட்டை ஒன்றின்மேல் மூத்திரம் பெய்துவிட்டுக் குசினிக் கூரை விளிம்பில் போய் இருந்தாள். ஐந்து வருடத்தில் ஒருநாளும் செய்யாத வேலை. "பொறாமை தம்பி, பொம்பிளைப் பூனையல்லோ" என்றார் அம்மம்மா. நான் அப்படி நினைக்கவில்லை. கன்னத்தை, நாடியைக் கதவிலும் மேசைக் காலிலும் உரசி உரசித்தான் பூனை ஒரு வீட்டைத் தன் வீடாக்குகிறது. அங்கே சுரக்கிற மணம்தான் அதன் உறுதிப்பத்திரம். அந்தப் பத்திரத்தில் யாரோ கிறுக்கிவிட்டார்கள், அவள் இன்னும் அழுத்தமாகத் திரும்பக் கையெழுத்துப் போட்டாள்.

நான்காம் நாள் போனேன். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன்.

கோழிக்கூடு

கதவில்லாத வீட்டில் கதவை எப்படி உண்டாக்குவது? தகரம் அடிக்கலாம் என்றார் அக்கா. அந்த நெல்லை விற்காமல் தகரம் வாங்க முடியாது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். வளவைச் சுற்றிவந்தபோது கிணற்றடிக்குப் பின்னால் வாழைக்குள் ஒரு கம்பிவலைக் கோழிக்கூடு கவிழ்ந்து கிடந்தது. மீள்குடியேறிய காலத்தில் வாழ்வாதார உதவியாகக் கோழிக்குஞ்சுகளோடு வந்த கூடு. கோழிகளை மரநாய் ஒவ்வொன்றாகக் கொண்டுபோக, கூடு மட்டும் மிஞ்சியது. நாலடி நீளம், இரண்டடி அகலம், கதவுக் கொளுக்கி இன்னும் வேலைசெய்தது.

சுவரை மூட முடியாவிட்டால் என்ன, குட்டியைச் சுற்றிச் சுவர் வைக்கலாம். சிங்காரி மேலால் வரட்டும், வந்தாலும் கூட்டுக்குள் போக முடியாது. மாட்டுக்கொட்டிலிலிருந்து யோசித்தால் இது உடனே வந்திருக்க வேண்டும், எனக்கு நான்கு நாள் எடுத்தது.

கூட்டைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, கிணற்றுக்குப் போடுகிற குளோரின் தூளைக் கரைத்து ஊற்றி, பத்து நிமிடம் விட்டுக் கழுவி, ஒருநாள் முழுக்க வெயிலில் வைத்தோம். பூனைக்கு வருகிற பான்லியூக்கோபீனியா வைரசு இலேசில் சாகாது, ஒரு வருடம்கூட நிலத்தில் கிடக்கும். அதற்குக் குளோரின் கேட்கும். தண்ணீரில் விட்டால் பால்போல வெள்ளையாகிற கிருமிநாசினிகளை அம்மம்மா எடுத்துவந்தார், வேண்டாம் என்றேன். அந்தப் பீனோல் வகை பூனையின் ஈரலுக்கு ஆகாது, காலில் பட்டதை அது நக்கும்.

எங்கே வைப்பது என்பதில்தான் கொஞ்சம் வாக்குவாதம். பிள்ளை தன் படிப்பு மேசைக்குப் பக்கத்தில் கேட்டாள். அக்கா திரும்பவும் நெல்லறை என்றார், வசதி. நான் கேட்டது ஒரே கேள்வி: சிங்காரி குறைவாகப் போகிற இடம் எது? அம்மம்மாவின் கட்டிலடி. அம்மம்மா இரவில் இருமும்போதெல்லாம் பூனை எழும்பி ஓடிவிடும், அவரும் செருப்பைக் காட்டி விரட்டியிருக்கிறார். அப்போ அதுதான் இடம். புதுக்குட்டியைப் பழைய பூனைக்குப் பெறுமதி குறைந்த மூலையில் வைக்க வேண்டும். மனிதருக்கு எது வசதி என்பது பிறகு. அம்மம்மா ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார்.

"அப்ப எனக்குப் பக்கத்திலதான் பெறுமதி குறைஞ்ச இடம் எண்டுறாய்."

"பூனைக்கு அம்மம்மா, பூனைக்கு."

சிரித்துக்கொண்டே கட்டிலை ஒதுக்கித் தந்தார். கூட்டின் மூன்று பக்கமும் உரப்பை கட்டினோம், நாலாவது பக்கம் பழைய பெட்சீற் தொங்கவிட்டோம். கம்பிவலை வழியாக இரண்டும் ஒன்றையொன்று வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தால் கூடு இருந்தும் பயனில்லை, வெறித்துப் பார்ப்பதே பூனைக்குச் சண்டையின் முதல் வரி. உள்ளே ஒரு பேசினில் வாய்க்கால் கரை மணல், மறுகோடியில் சோறும் தண்ணீரும். சிங்காரியின் சாறத்தைத் தோய்க்காமல் அப்படியே மூட்டை உச்சியில் திரும்ப விரித்தோம். மூத்திரம் பட்ட மூட்டையை மாத்திரம் வெளியே எடுத்து, சாக்கைச் சவர்க்காரம் போட்டுத் தோய்த்து வெயிலில் காயவிட்டோம். அமோனியா மணக்கிற எதையும் அங்கே ஊற்ற வேண்டாம் என்றேன், அந்த மணம் மூத்திரத்துக்குத்தான் கிட்ட.

குட்டிக்கு முதலில் புழு மருந்து. வெளியிலிருந்து வந்த பூனை இரண்டு கிழமை தனியாக இருக்க வேண்டும் என்பது பழக்குவதற்காக மட்டும் சொல்கிற பேச்சில்லை. தடிமனும் வாந்தி வயிற்றோட்டமும் உள்ளே இருந்தால் அந்த நாட்களுக்குள் வெளியே தெரிந்துவிடும். பசும்பாலை நிறுத்தினேன், அதுதான் குட்டிக்கு வயிறு இளகக் காரணம். அவித்த சூடை மீன் முள் எடுத்து, கொஞ்சம் முட்டை, கொஞ்சம் சோறு, நாளைக்கு நான்கு தரம்.

துணி

இனி வருவதுதான் எனக்குப் பிடித்த பகுதி, எனவே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

அம்மம்மாவின் பழைய பருத்திச் சேலை ஒன்றைக் கிழித்து நான்கு கைக்குட்டையளவு துண்டுகள் எடுத்தோம். ஒன்றால் குட்டானின் கன்னத்தையும் நாடியையும் மெல்லத் துடைத்தோம். அதைச் சிங்காரியின் சோற்றுச் சட்டிக்கு அருகில் வைத்தோம். வந்தாள். சட்டிக்கு ஓரடி இருக்கும்போது நின்றாள். மூக்கை மட்டும் நீட்டினாள், மேலுதடு கொஞ்சம் தூக்கி, வாய் பாதி திறந்து, ஏதோ நாற்றத்தை நினைவுபடுத்திப் பார்ப்பவர்போல ஒரு கணம். பிறகு துணியைப் பார்த்துச் சீறினாள். வெறும் துணியை! சோற்றைத் தொடாமலே போய்விட்டாள்.

பிள்ளைக்கு ஏமாற்றம். எனக்கு நிம்மதி, இப்போது அளக்க ஒரு பொருள் கிடைத்துவிட்டது. துணியைச் சட்டியிலிருந்து ஆறடி தள்ளி வைத்தோம். சாப்பிட்டாள். பிள்ளை வெண்கட்டியால் சீமெந்து நிலத்தில் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டு, திகதி எழுதினாள். மறுநாள் ஐந்தடி. சாப்பிட்டாள், ஆனால் இரண்டு வாய்க்கு ஒருமுறை நிமிர்ந்து துணியைப் பார்த்தாள். அதே ஐந்தடியில் இன்னொரு நாள். நிமிரவில்லை. அப்போ நாலடி. பிள்ளையின் கொப்பியில் ஒவ்வொரு வேளைக்கும் மூன்று விடயம் மட்டும் எழுதச் சொன்னேன்: எத்தனை அடி, சாப்பிட்டு முடித்தாளா, எத்தனை தரம் நிமிர்ந்தாள். "சந்தோசமா இருந்தாள்", "கோபமா இருந்தாள்" என்று எழுதக் கூடாது. முதல் நாளே அப்படி எழுதியிருந்தாள், வெட்டிவிட்டோம். மறுபக்கமாகச் சிங்காரியின் கன்னம் துடைத்த துணி குட்டானின் கூட்டுக்குள். அவன் அதன்மேல் படுத்து நித்திரை கொண்டான். குட்டிகளுக்கு இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரை உலகம் எல்லாமே உறவு, அவன் அந்தக் கதவு சாத்தப்படுவதற்கு முன்னமே வந்துவிட்டான்.

பத்தாம் நாள் துணி சட்டிக்கு அடியில் கிடந்தது, சிங்காரி அதன்மேல் இருந்த சட்டியில் சூடைத் தலையைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

பதினோராம் நாளிலிருந்து சட்டியையே நகர்த்தத் தொடங்கினோம். அம்மம்மாவின் அறை வாசலில் ஒன்று, கூட்டுக்குள் ஒன்று, நடுவில் பெட்சீற். சீறலும் உறுமலும் இருந்தன. வீட்டார் அதைக் கேட்டதும் "ஏய்!" என்று அதட்டுவார்கள், அதை நிறுத்தவைக்கத்தான் பெரும்பாடு பட்டேன். சீறல் என்பது "கிட்ட வராதே" என்று பூனை மரியாதையாகச் சொல்வது. அதை அதட்டி அடக்கினால் அடுத்த தடவை சொல்லாமலே அடிக்கும்.

கடுவன்

எல்லாம் கணக்குப்படி போனது, பன்னிரண்டாம் நாள் இரவு வரை. அயல் வளவுக் கடுவன் ஒன்று, காது கிழிந்த தடித்த சாம்பல் பூனை, கூரைவழியாக உள்ளே வந்துவிட்டது. சூடை மணத்துக்கு வந்ததோ, புதுக்குட்டியின் மணத்துக்கு வந்ததோ தெரியவில்லை. சுவர் விளிம்பில் சிங்காரியோடு முகத்துக்கு முகம். பாத்திரம் விழுந்து, அம்மம்மா ரோச் அடித்து, கடுவன் ஓடியது. ஓடியதும் சிங்காரி திரும்பி இறங்கிப் பாய்ந்தது கோழிக்கூட்டின்மேல். பெட்சீற்றைக் கிழித்துக் கம்பிவலையைப் பிறாண்டினாள். பிள்ளையைக் கீறிய அதே திசைமாறிய கோபம். கூடு இல்லாதிருந்தால் குட்டான் அன்று தப்பியிருக்க மாட்டான்.

மறுநாள் துணிக்கு அருகேகூட வரவில்லை. பிள்ளை அழுதாள். திரும்ப ஐந்தடிக் கோட்டுக்குப் போனோம். இந்த இடத்தில் பலரும் விட்டுவிடுகிறார்கள், குட்டியை யாருக்காவது கொடுத்துவிடுகிறார்கள், அல்லது சந்தையடியில் கொண்டுபோய் விடுகிறார்கள். பின்வாங்கினால் முதல் தடவை எடுத்த அத்தனை நாளும் திரும்ப எடுக்காது. ஆறு நாளில் ஏறிய தூரத்தை இரண்டரை நாளில் ஏறினாள், கொப்பியில் இருக்கிறது.

ஆனால் கூரைவழி திறந்தே கிடந்தால் எதுவும் நிலைக்காது. முதல் நாளே செய்திருக்க வேண்டியதை அன்று செய்தோம். முல்லைத்தீவில் கடற்றொழில் செய்கிற உறவினரிடமிருந்து கழித்துப்போட்ட நைலோன் வலை ஒரு சாக்கு வந்தது. வெளிச்சுவருக்கும் கூரைக்கும் இடையே இருந்த இடைவெளிகளிலும், அம்மம்மாவின் அறையைச் சுற்றிச் சுவர் உச்சியிலும் அந்த வலையை ஆணி அடித்து இழுத்துக் கட்டினோம். நெல்லறைக்கு மேலே மட்டும் வழி விட்டோம், அது சிங்காரியின் தெரு. ஒருநாள் வேலை, ஆணிக் காசு மட்டும்தான் செலவு. இப்போது அந்த அறைக்கு உண்மையில் ஒரு கதவு வந்துவிட்டது.

ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற அம்மம்மா அப்போதுதான் அதைச் சொன்னார். 2009இல் கடைசியாக வீட்டைவிட்டு வெளிக்கிட்டபோது மாட்டை அவிழ்த்துவிட்டார்களாம், நாய் கொஞ்சத் தூரம் பின்னால் வந்ததாம். பூனை படலைமேல் இருந்து பார்த்துக்கொண்டே இருந்ததாம். "நாய் ஆளோட வரும் தம்பி, பூனை வீட்டோட நிக்கும். திரும்பி வரேக்க வீடும் இல்ல, பூனையும் இல்ல." பிறகு ஆணி எத்தனை மிச்சம் என்று கேட்டார்.

நேருக்கு நேர்

பதினேழாம் நாள் பெட்சீற்றை ஒரு சாண் உயர்த்தினோம், பத்தொன்பதாம் நாள் முழுதாக எடுத்தோம். இருபதாம் நாள் கூட்டுக் கதவைத் திறந்தோம். அதற்கு முன் பிள்ளை ஓர் ஈர்க்கில் நூல் கட்டி, நுனியில் கோழி இறகு கட்டி, குட்டானை இருபது நிமிடம் ஓடவைத்துக் களைக்கவைத்தாள். களைத்த குட்டிதான் நல்ல விருந்தாளி. சிங்காரி அரை வயிறு சாப்பிட்டிருந்தாள், மீதி மீன் என் கையில். அவள் ஏறி இருக்க அலமாரி உச்சி வெறுமையாக இருந்தது, வெளியேறக் கதவு திறந்திருந்தது. தூக்கி வந்து வைக்கவில்லை, தானாக வந்தாள்.

குட்டான் வாலை நிமிர்த்திக்கொண்டு நேரே போனான். ஓரடிக்குள் வந்ததும் சிங்காரி சீறினாள், அவன் நிற்கவில்லை. தலையில் ஓர் அடி விழுந்தது. அக்கா பாயப் போனார், நான் கையை மறித்தேன். நான் பார்த்தது பாதத்தை. நகம் வெளியே வரவில்லை. அடித்துவிட்டுத் தொடர்ந்து துரத்தவில்லை, வேறு பக்கம் பார்த்தாள். நகமில்லாத அடியும் அதற்குப் பின்னான பராமுகமும் தாய்ப்பூனை குட்டிக்குப் படிப்பிக்கிற பாடம்தான். காது தட்டையாக மடிந்து, கண் இமைக்காமல் வெறித்து, உடல் நிலத்தோடு பதிந்து, வால்நுனி மட்டும் அடித்துக்கொண்டிருந்தால்தான் இடையே ஒரு மட்டையை நுழைக்க வேண்டும், கையை நுழைக்கக் கூடாது. ஐந்து நிமிடத்தில் மீனைக் கொடுத்து முடித்துவிட்டோம். நல்லபடியாகப் போகும்போதே நிறுத்துவது வீட்டாருக்குக் கஷ்டமாக இருந்தது, இன்னும் கொஞ்சம் பார்ப்போமே என்றார்கள். மறுநாள் பத்து நிமிடம். அடுத்த நாள் அரை மணி.

இருபத்தேழாம் நாள் நெல் வியாபாரி வந்தார்.

இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. முப்பத்தைந்து மூட்டை லொறியில் ஏறிப் போனது, மிஞ்சியது சாப்பாட்டுக்கும் விதைக்குமான ஐந்து. அக்காவுக்கு மனம் நிறைந்த நாள். சிங்காரிக்கு மலை ஒரே மத்தியானத்தில் தரையானது. உயரம் போனதும் குணமும் போயிற்று. ஹோலில் குட்டான் நடந்தாலே உறுமினாள், அவனைக் கட்டிலடிக்குள் ஓட்டினாள். வீட்டார் கடுவன் திரும்ப வந்துவிட்டதோ என்று தேடினார்கள். எனக்குப் போனில் சொன்னபோது இந்தத் தடவை நான் கேட்ட முதல் கேள்வி, "வீட்டுக்குள்ள என்ன இடம் மாறினது அக்கா?"

பனைமரப் பலகை இரண்டை நெல்லறைச் சுவரில், ஒன்று நாலடியிலும் ஒன்று ஆறடியிலும், தாங்கி வைத்து அடித்தோம். மேல் பலகையில் அந்தச் சாறம். ஒரு மணி நேரத்தில் ஏறி இருந்தாள். உயரத்திலிருந்து கீழே பார்க்க முடிகிற பூனைக்குக் கீழே நடப்பதை மன்னிக்க முடிகிறது. சோற்றுச் சட்டியும் இரண்டு, ஒன்றுக்கொன்று தெரியாத இடத்தில். மணல் பேசின் பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூட இருக்க வேண்டும் என்று சொல்வது மாடிவீட்டுக்குப் பொருந்தும். சிங்காரிக்கு வளவு முழுக்கப் பேசின்தான், எனவே குட்டானுக்கென்று இரண்டோடு நிறுத்திக்கொண்டோம்.

பான்லியூக்கோபீனியாவும் தடிமனும் சேர்ந்த தடுப்பூசி எங்கள் பக்கம் நினைத்த நாளில் கிடைப்பதில்லை, முன்கூட்டியே சொல்லிவைத்து எட்டாம் வாரம் தாண்டி முதல் ஊசி, நான்கு கிழமை விட்டு அடுத்தது, பதினாறு வாரம் ஆகும்வரை. மூன்று மாதத்தில் விசர்நாய்த் தடுப்பூசி. ஐந்து மாதம் ஆகும்போது கருத்தடை. அதைத் தள்ளிப்போட்டால் அந்தச் சாம்பல் கடுவன் வெளியிலிருந்து செய்ததை இவன் உள்ளேயிருந்து செய்வான் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். தலையாட்டினார். பிடித்துக்கொண்டு போகும் நாளில்தான் தெரியும்.

முப்பத்தோராம் நாள் மூக்கோடு மூக்கு வைத்து மணந்தன, முப்பத்தாறாம் நாள் கூட்டை முற்றாக எடுத்தோம். இரண்டும் கட்டிப்பிடித்துப் படுக்கவில்லை. படுக்குமா என்று பிள்ளை இன்றைக்கும் கேட்கிறாள். போனில் வருகிற படங்களில் எல்லாப் பூனையும் கட்டிப்பிடித்துத்தான் படுக்கின்றன. வளர்ந்த பூனை, அதுவும் தனியாக ஐந்து வருடம் ஆண்ட பூனை, ஒரு குட்டியைப் பொறுத்துக்கொள்வதே பெரிய விடயம். நெல்லறை காலையில் அவளுக்கு, அவள் வளவுக்குப் போனபின் அவனுக்கு. அம்மம்மாவின் கட்டிலடி எப்போதும் அவனுக்கு. யாரும் எழுதிக் கொடுக்காத இந்த நேரப் பங்கீட்டை அவை தாங்களே போட்டுக்கொண்டன.

ஏப்ரல் 12, நாற்பத்தேழாம் நாள், கன்றுக்கு மருந்து கொடுக்கப் போனேன். கோழிக்கூட்டில் ஆறு குஞ்சு நின்றது, மேலே மரநாய்க்கு இரட்டைக் கொளுக்கி. வீடு புதுவருடத்துக்குக் கழுவப்பட்டுக்கொண்டிருந்தது. அம்மம்மா சேலையை வரிந்து கட்டிக்கொண்டு வாளி வாளியாகத் தண்ணீரை ஊற்ற, பிள்ளை தும்புத்தடியால் தள்ளிக்கொண்டு வந்தாள். ஆறடி, ஐந்தடி, இரண்டாந்தரம் ஐந்தடி, எல்லாக் கோடும் திகதியோடு கரைந்து வாசலால் ஓடியது. தண்ணீர் நெல்லறைக்குள் புகுந்ததும் குட்டான் எகிறி மூட்டையில் ஏறினான். எங்கிருந்தோ ஓடிவந்த சிங்காரி பலகைக்கு எட்டாமல் அதே மூட்டையில் பாய்ந்தாள். ஈரக்காலை உதறினாள். பக்கத்தில் பார்த்தாள். சீறவில்லை. இரண்டும் ஒரு முழ இடைவெளியில், வாலைக் காலுக்குள் சுருட்டிக்கொண்டு, அம்மம்மாவை ஒரே மாதிரி முறைத்தபடி இருந்தன.

"என்ன பார்வை? நான் கழுவாமல் உங்கட கொப்பரோ வந்து கழுவுவார்?" என்று அடுத்த வாளியைத் தூக்கினார்.